நிரல் பொது, பெயர் யாருடையது? பூச்சந்தை மென்பொருள் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மதுரையில் இருவர் எழுதிய மென்பொருளை நிலக்கோட்டைக்காரர் ஒருவர் மாற்றி, அதே பெயரில் விற்றதால் வந்த இந்தத் தகராறு நீதிமன்றப் படி ஏறவில்லை. மதுரை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சமரச அறையோடு முடிந்துவிட்டது. அதனால் தீர்ப்பு என்று எதுவும் கிடையாது, சட்ட இதழ்களிலும் வராது. ஆனால் ஓப்பன் சோர்ஸாக, அதாவது நிரலை யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டு, மென்பொருள் வெளியிடும் சிறிய நிறுவனங்கள் எங்கே வழுக்குகின்றன என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய விவகாரம் வேறெதுவும் என் கைக்கு வந்ததில்லை. இரு தரப்பும் சம்மதித்ததால் எழுதுகிறேன். ஆட்களின் பெயரையும் கடைகளின் பெயரையும் சொல்லப்போவதில்லை. மதுரைத் தரப்பின் ஆலோசகர் நான். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது படிப்பவர்களுக்கு முதலிலேயே தெரிந்திருக்கட்டும்.

மென்பொருளை இங்கே 'பூக்கணக்கு' என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் வேறு. ஆனால் அதுவும் இதைப் போலவே, செய்கிற வேலையை அப்படியே சொல்லிவிடும் பெயர்.

சந்தையும் சிட்டையும்

கடைகளில் கிடைக்கும் பில்லிங் மென்பொருள் எதுவும் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையின் கமிஷன் கடைக்கு ஒத்துவராது. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துச் சம்சாரிகள் (விவசாயிகள்) விடியுமுன் மல்லி, பிச்சி, முல்லை, சம்பங்கி என்று மூட்டையோடு வந்து இறக்குவார்கள். எடையை அப்போதே எழுதிவிடுவார்கள். விலை அப்புறம்தான் நிற்கும். முகூர்த்த நாளில் ஆறு மணி விலை எட்டு மணிக்கு இருக்காது. விற்ற தொகையில் கடைக்காரர் கமிஷன் பிடிப்பார், முன்பு கொடுத்த அட்வான்ஸ் இருந்தால் அதில் கொஞ்சம் கழிப்பார், மீதியைச் சிட்டையோடு, அதாவது கணக்குச் சீட்டோடு, கையில் கொடுப்பார். சிட்டையில் தப்பு வந்தால் மறுநாள் அந்தப் பூ அடுத்த கடையில் இறங்கும்.

இந்தக் கணக்கை முதலில் கணினியில் ஏற்றியவர்கள் இரண்டு பேர். மூத்தவர் சென்னையில் ஐடி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். இளையவர் அவருடைய சித்தப்பா மகன், சந்தையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அண்ணன் நிரல் எழுதினார். தம்பி ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி, 'இது இப்படி இல்லண்ணே, விலைய மாத்துனா அட்வான்ஸ் அப்படியே நிக்கணும்' என்று திருத்தினார். பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதிய அந்த நிரலை, யாரும் எடுத்து மாற்றிப் பகிரலாம் என்று அனுமதிக்கும் ஜிபிஎல் என்ற உரிமத்தின் மூன்றாம் பதிப்பின் கீழ் வெளியிட்டார்கள். ஒவ்வொரு சந்தைக்கும் ஒவ்வொரு வழக்கம் என்பதால், அந்தந்த ஊர்க்காரரே மாற்றிக்கொள்ளட்டும் என்று நினைத்தார்கள். வருமானம் கடைகளுக்குப் போட்டுக் கொடுக்கும் கூலியிலும் ஆண்டுப் பராமரிப்பிலும் வந்தது. சிட்டையின் அடியில் சின்ன எழுத்தில் மென்பொருளின் பெயர் அச்சாகும்.

நிலக்கோட்டையும் பூ ஊர்தான். அங்கே கணினி விற்பனையும் சர்வீஸும் பார்க்கும் ஒருவர் நிரலை இறக்கி, சில வசதிகளைச் சேர்த்து, பக்கத்துக் கடைகளுக்குப் போட்டுக் கொடுத்தார். ஆண்டுக் கட்டணமும் வாங்கினார். பிறகு மாட்டுத்தாவணியிலும் அவருக்கு ஒன்றிரண்டு கடைகள் கிடைத்தன. சிட்டையின் அடியில் 'பூக்கணக்கு' அப்படியே இருந்தது. பக்கத்தில் அவருடைய கைபேசி எண்.

ரெண்டு தடவை பிடித்த கமிஷன்

விவகாரம் வெடித்தது ஒரு சிட்டையில். அதன் நகல் என்னிடம் இருக்கிறது. 12 கிலோ 400 கிராம் மல்லி, காலையில் கிலோ 600 ரூபாய் என்று பதிவாகியிருக்கிறது: 7,440 ரூபாய், நூற்றுக்குப் பத்து கமிஷன் 744. கொஞ்ச நேரத்தில் விலை 550-க்கு இறங்க, கடைப்பையன் அதே வரியில் விலையைத் திருத்தியிருக்கிறான். தொகை 6,820 ஆனது, கமிஷன் 682 ஆனது. சம்சாரிக்குச் சேர வேண்டியது 6,138. சிட்டையில் அச்சானது 5,394. பழைய 744-ஐ எடுக்காமலே புதிய 682-ஐயும் கழித்திருக்கிறது. நிலக்கோட்டைக்காரர் சேர்த்த விலைத் திருத்த வசதியில்தான் அந்தப் பிழை. மூலப் பதிப்பில் கிடையாது.

அன்று அந்தச் சம்சாரி கடை வாசலில் போட்ட சத்தத்தில் கூட்டம் கூடிவிட்டது. சிட்டையில் இருந்த எண்ணுக்கு அடித்துப் பார்த்து, யாரும் எடுக்காததால், கடைக்காரர் 'பூக்கணக்கு' என்ற பெயரை இணையத்தில் தேடினார். கிடைத்தது மதுரைக்காரர்களின் எண். 'தம்பி, ஒங்க மிஷின் ரெண்டு தடவ கமிஷன் பிடிக்குது. நான் திருடன்னு பேராகிப் போச்சு' என்றார். போனை எடுத்த இளையவருக்கு அந்தக் கடையில் தங்கள் மென்பொருள் இருப்பதே தெரியாது. அந்த வாரத்திலேயே அவர்களுடைய பழைய வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் நோட்டுக்கணக்குக்குத் திரும்பினார்கள்.

ஜிபிஎல்லின் 15, 16-ஆம் பிரிவுகள் உத்தரவாதம் இல்லை, பொறுப்பில்லை என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்கின்றன. யாராவது இவர்கள் மேல் வழக்குப் போட்டிருந்தால் அது கைகொடுத்திருக்கும். சந்தையில் யாரும் 16-ஆம் பிரிவைப் படிப்பதில்லை.

உரிமத்தில் பிடி கிடைத்ததா?

என்னிடம் வந்தபோது அண்ணனின் கோபம் முழுக்க உரிமத்தின் மேல் இருந்தது. 'எங்க கோட எடுத்து காசுக்கு வித்திருக்காரு சார், ஜிபிஎல்லை மீறிட்டாரு' என்றார். உட்கார்ந்து வரிவரியாகப் பார்த்தோம். பெரும்பாலும் மீறல் இல்லை. எந்த விலைக்கும் விற்கலாம், பராமரிப்புக்குக் கட்டணம் வாங்கலாம் என்று 4-ஆம் பிரிவே சொல்கிறது. நிரலைத் தர மறுத்தாரா என்றால் அதுவும் இல்லை. பைத்தான் நிரல் கடைக் கணினியில் அப்படியே கிடந்தது, உரிமக் கோப்பும் இருந்தது, மதுரைக்காரர்களின் பதிப்புரிமை வரிகளையும் அவர் தொடவில்லை.

ஒரே ஒரு இடத்தில் தவறியிருந்தார். மாற்றிய பதிப்பில், மாற்றப்பட்டது என்பதையும் மாற்றிய தேதியையும் கண்ணில் படும்படி அறிவிக்க வேண்டும் என்பது 5-ஆம் பிரிவின் முதல் நிபந்தனை. அதைச் செய்யவில்லை. ஆனால் 8-ஆம் பிரிவின்படி, முதல் தடவை மீறியவர் அறிவிப்பு கிடைத்த 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால் உரிமம் அவருக்கு நிலையாகத் திரும்பிவிடும். நோட்டீஸ் அனுப்பினோம். ஒரு வாரத்தில் நிரல் கோப்புகளின் தலையில் 'மாற்றியமைக்கப்பட்டது' என்ற வரியும் தேதியும் வந்துவிட்டன. உரிமக் கணக்கு அதோடு முடிந்தது. சிட்டையின் அடியில் பெயர் மட்டும் அப்படியே.

பெயரைப் பற்றி ஜிபிஎல் தானாக எதையும் செய்வதில்லை. வேண்டுமென்றால் சேர்த்துக்கொள்ள 7-ஆம் பிரிவில் இடம் விட்டிருக்கிறது: நிரலின் மூலத்தைப் பற்றித் தவறாகக் காட்டக்கூடாது, மாற்றிய பதிப்பு மூலத்திலிருந்து வேறு என்று தெரிய வேண்டும், ஆக்கியவர் பெயரை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது, டிரேட்மார்க் (வணிகப் பெயர், சின்னம்) உரிமை தரப்படவில்லை என்று கூடுதல் நிபந்தனைகள் எழுதிக்கொள்ளலாம். இன்னொரு ஓப்பன் சோர்ஸ் உரிமமான அப்பாச்சியின் இரண்டாம் பதிப்பு, 2004-இல் வந்தது, 6-ஆம் பிரிவில் தானே சொல்லிவிடுகிறது: இந்த உரிமம் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்த அனுமதி தராது என்று. மதுரைக்காரர்கள் ஜிபிஎல்லை எடுத்தார்கள். 7-ஆம் பிரிவு தந்த எந்த வாய்ப்பையும் தொடவில்லை. நான் பார்க்கும் சிறு திட்டங்களில் முக்கால்வாசி இப்படித்தான் இருக்கிறது. உரிமத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு மாதம் விவாதிப்பார்கள். பெயருக்கு ஒரு பத்தி எழுத மாட்டார்கள்.

நிலக்கோட்டைக்காரரின் வாதம்

நேரில் பார்ப்பதற்கு முன் அவரை ஏமாற்றுக்காரர் என்று நினைத்திருந்தோம். சமரச மேசையில் அவர் சொன்னது வேறு. 'அண்ணே, பேர எடுத்திருந்தா திருடிட்டான்னு சொல்லியிருப்பீங்க. எடுக்காம விட்டதுக்கும் நோட்டீஸ் அனுப்புறீங்க. நான் என்னதான் செய்யணும்?' என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டார். அறையில் சட்டென்று யாருக்கும் பதில் வரவில்லை.

எதிர்த்தரப்பு சொன்னதிலேயே நியாயமான கேள்வி இதுதான், இந்தத் துறையில் பலரும் முட்டிக்கொள்ளும் இடமும் இதுதான். ஜிபிஎல் ஆக்கியவரின் பதிப்புரிமை அறிவிப்பை அழிக்காதே என்கிறது. டிரேட்மார்க் சட்டம் ஆக்கியவரின் வணிகப் பெயரில் உன் சரக்கை விற்காதே என்கிறது. இரண்டும் ஒரே பெயரைப் பற்றியவை போலத் தோன்றுவதால் முரணாகத் தெரிகிறது. 'இந்த நிரலை எழுதியவர் இன்னார்' என்ற வரி நிரலுக்குள்ளும் உதவிப் பக்கத்திலும் இருக்க வேண்டியது. அதை எடுத்தால் உரிம மீறல். 'இந்தச் சிட்டையைப் போடும் சரக்கு இன்னாருடையது' என்று சம்சாரி படிக்கும் வரி வேறு. அதை விட்டுவைத்தால் அவர் ஏமாறுகிறார். முதலாவது வரலாறு, இரண்டாவது வியாபாரம். நிலக்கோட்டைக்காரர் வரலாற்றைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டு வியாபாரப் பெயரையும் கூடவே எடுத்துப் போயிருந்தார்.

உலகத்தில் பெரியவர்களும் இதே இடத்தில் மோதியிருக்கிறார்கள். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் நிரல் கட்டற்றது, அதாவது ஓப்பன் சோர்ஸ், ஆனால் அதன் சின்னப் படம் அப்போது கட்டற்ற உரிமத்தில் இல்லை. டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்குபவர்கள் படத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 2006-இல் ஃபயர்ஃபாக்ஸை வெளியிடும் மொசில்லா தடுத்தது: பெயர் வேண்டுமென்றால் படமும் சேர்ந்துதான், நீங்கள் செய்யும் திருத்தங்களையும் நாங்கள் பார்த்து ஒப்ப வேண்டும் என்றது. டெபியன் மறுத்துவிட்டு, அதே உலாவியை 'ஐஸ்வீசல்' என்ற பெயரில் வெளியிட்டது. பத்தாண்டு கழித்து, 2016-இல்தான் ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயர் டெபியனுக்குத் திரும்பியது. அந்தப் பத்தாண்டும் நிரல் தடையில்லாமல் ஓடியது என்பதைத்தான் நான் மேசையில் அழுத்திச் சொன்னேன். சென்டோஸ் என்ற இயங்குதளமும் அப்படித்தான்: ரெட்ஹேட் நிறுவனம் வெளியிட்ட நிரலை எடுத்து, அந்தப் பெயரையும் சின்னத்தையும் நீக்கிவிட்டுக் கட்டியதே அது.

பெயரில் எங்கள் பிடி

எங்கள் பக்கமும் பலமாக இல்லை. பெயர் பதிவாகவில்லை. 1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி, பதிவாகாத பெயருக்காக மீறல் வழக்குப் போட முடியாது. தன் சரக்கைப் பிறர் சரக்கு போலக் காட்டி விற்றதற்கான வழக்கு மட்டும் உண்டு. அதற்கு மூன்றைக் காட்ட வேண்டும்: அந்தப் பெயருக்குச் சந்தையில் நமக்கென்று ஒரு மதிப்பு இருந்தது, எதிராளி செய்ததில் வாங்குபவர் குழம்பினார், அதனால் நமக்கு நட்டம். குழப்பத்துக்கு அந்தக் கடைக்காரரின் போன் ஒன்றே போதும். நட்டத்துக்கு விலகிய வாடிக்கையாளர்கள். முதலாவதுதான் இடித்தது.

மூத்தவர் கிட் வரலாற்றை, அதாவது நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றத்தின் பதிவையும், கொண்டுவந்தார். முதல் கமிட்டிலிருந்து எல்லாம் தேதி வாரியாக இருக்கிறதே என்றார். அது நிரலை யார் எப்போது எழுதினார்கள் என்று காட்டும். அந்தப் பெயரைச் சந்தை எப்போதிலிருந்து இவர்களோடு சேர்த்துப் பார்க்கிறது என்று காட்டாது. உண்மையில் உதவியது இளையவரின் பழைய பராமரிப்பு ரசீதுகளும், 'பூக்கணக்குத் தம்பி' என்று அவரைக் கூப்பிட்டுக் கடைக்காரர்கள் அனுப்பியிருந்த வாட்ஸ்அப் குரல் செய்திகளும்தான்.

முதலில் பயன்படுத்தியவருக்கு நம் சட்டத்தில் மரியாதை உண்டு. அதை நன்றாக நிலைநாட்டிய தீர்ப்புகளில் ஒன்று நம் தென்பக்கத்துச் சரக்கைப் பற்றியது: திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா. முந்திப் பயன்படுத்தியவரின் உரிமை பதிவையும் விட மேலானது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் சொன்னது. ஆனால் அதை நம்பிப் பதிவு செய்யாமல் இருப்பது சரியல்ல. லினக்ஸ் என்ற பெயரையே 1990-களின் நடுவில் அமெரிக்காவில் சம்பந்தமில்லாத ஒருவர் தன் பெயரில் பதிந்துகொண்டு, அதைப் பயன்படுத்தியவர்களிடம் பணம் கேட்டுக் கடிதம் அனுப்பினார். வழக்காகி, 1997-இல் சமரசத்தில்தான் அது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கு வந்து சேர்ந்தது. முந்தியவர் ஜெயிக்கலாம், ஜெயிக்கும்வரை வக்கீல் செலவு அவருடையது.

இடையில் ஒரு குழப்பமும் தலைகாட்டியது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது சந்தையில் எல்லோருக்கும் தெரியும். 'அதுல நம்ம மென்பொருளும் வருமா?' என்று தம்பி கேட்டார். வராது. அது மண்ணுக்கும் அங்கே விளைவிப்பவர்களுக்கும் பொதுவான உரிமை. டிரேட்மார்க் ஒரு வியாபாரத்துக்கு உரியது.

மேசையில் எழுதியது

வணிக நீதிமன்றச் சட்டத்தின்படி, 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத வணிகத் தகராறில், உடனடித் தடையுத்தரவு கேட்காதவர்கள் வழக்குக்கு முன் சமரசத்துக்குப் போயாக வேண்டும். தடையுத்தரவு கேட்கலாம் என்றுதான் அண்ணன் நினைத்தார். நான் வேண்டாம் என்றேன். எதிராளி ஒளியவில்லை, நோட்டீஸுக்குப் பதில் சொன்னார், எங்கள் பெயரோ பலவீனமானது. நீதிபதி முன் அந்தப் பலவீனத்தை முதல் நாளே விரித்துக் காட்டுவானேன்? சமரசத்துக்கு மூன்று மாதக் கெடு, இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் இன்னும் இரண்டு மாதம். எங்களுக்கு அவ்வளவு தேவைப்படவில்லை.

ஒப்பந்தத்தின் சாரம் இது. நிலக்கோட்டைப் பதிப்புக்குப் புதுப் பெயர். அச்சாகும் எல்லாச் சிட்டையிலும் 30 நாளில் மாற்றம். உதவிப் பக்கத்தில் 'பூக்கணக்கின் நிரலை அடிப்படையாகக் கொண்டது, மதுரை நிறுவனத்தோடு வியாபாரத் தொடர்பில்லை' என்று எழுதலாம். உள்ளதை உள்ளபடி சொல்லும் நேர்மையான பயன்பாட்டை டிரேட்மார்க் சட்டத்தின் 30-ஆம் பிரிவும் தடுக்கவில்லை. ஆனால் அந்த வரி சிட்டையில் வரக்கூடாது. பதிப்புரிமை வரிகள் அப்படியே இருக்கும். இழப்பீடு என்று பணம் எதுவும் கைமாறவில்லை. அண்ணனுக்கு அதில் மனத்தாங்கல் இருந்தது, எனக்கு இல்லை.

இரண்டு மணி நேரம் தின்றது சிட்டை விவகாரம்தான். அந்த ஒரு வரியையாவது சிட்டையில் போட விட வேண்டும், அப்போதுதான் கடைக்காரர்கள் நம்புவார்கள் என்று நிலக்கோட்டைக்காரர் பிடித்த பிடியில் நின்றார். அவர் அப்படிக் கேட்டதே, அந்தப் பெயருக்குச் சந்தையில் மதிப்பிருக்கிறது என்பதற்கு எங்களுக்குக் கிடைத்த மிகச் சிறந்த சாட்சி. அதைச் சொன்னதும் விட்டுக்கொடுத்தார்.

கமிஷன் பிழையைத் திருத்தியது தம்பி. மேசையிலிருந்து எழுந்த அன்றே நிலக்கோட்டைக் கடைக்குப் போய் உட்கார்ந்து, விலையைத் திருத்தினால் பழைய கமிஷன் வரியை முதலில் அழிக்கும்படி மாற்றிக் கொடுத்தார். பதிலுக்கு, ஒரே சம்சாரி இரண்டு சந்தைக்குப் பூ அனுப்பினால் அட்வான்ஸைச் சேர்த்துப் பார்க்கும் நிலக்கோட்டை வசதி மதுரைப் பதிப்புக்குள் வந்தது. ஜிபிஎல் இருப்பதால் இதற்குத் தனி ஒப்பந்தம் தேவைப்படவில்லை.

அதற்குப் பிறகு

மதுரைக்காரர்கள் மூன்று வேலை செய்தார்கள். ஜிபிஎல்லின் 7-ஆம் பிரிவின் கீழ்க் கூடுதல் நிபந்தனைகளைப் புதிய பதிப்பில் சேர்த்தார்கள். அதற்கு, முன்பு திருத்தம் அனுப்பியிருந்த கல்லூரி மாணவர்களிடமும் சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. அவர்கள் எழுதிய பகுதி அவர்களுடையது. பழைய பதிப்புகளுக்கு இது பின்னோக்கிப் பொருந்தாது. அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை, ஏனென்றால் பெயருக்கான உரிமை உரிமத்திலிருந்து வருவதில்லை. அடுத்து, யார் எங்கே பெயரைப் பயன்படுத்தலாம் என்று ஒரு பக்கத்தில் எளிய தமிழில் எழுதி நிரலோடு வைத்தார்கள்: மாற்றாமல் போட்டுக் கொடுத்தால் பெயர் போடலாம், மாற்றினால் வேறு பெயர், வகுப்பிலும் கட்டுரையிலும் தாராளமாகச் சொல்லலாம்.

மூன்றாவது, டிரேட்மார்க் பதிவு. மென்பொருளுக்கு 9-ஆம் வகுப்பு, சேவைக்கு 42-ஆம் வகுப்பு. தனிநபரும் சிறு நிறுவனமும் இணையவழி விண்ணப்பித்தால் வகுப்புக்கு 4,500 ரூபாய், ஆக 9,000. நம் பக்கத்து விண்ணப்பங்கள் சென்னைப் பதிவகத்துக்குப் போகும். முன்பயன்பாட்டுத் தேதியைக் குறிப்பிட்டதால் ரசீதுகளை வைத்துப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தோம். பரிசோதனை அறிக்கை, எதிர்பார்த்தபடியே, டிரேட்மார்க் சட்டத்தின் 9-ஆம் பிரிவைக் காட்டி வந்தது: சரக்கின் தன்மையை விவரிக்கும் பெயர், தனித்தன்மை இல்லை. பயன்பாட்டால் தனித்தன்மை வந்துவிட்டது என்று பதில் கொடுத்திருக்கிறோம்; விசாரணைக்குக் காத்திருக்கிறது. புதிதாக ஒரு பெயரைப் புனைந்துகொள்ளுங்கள் என்று முதல் நாளிலிருந்து சொல்லிவருகிறேன். 'சந்தையில கூப்பிடுற பேர விட்டுட்டு எப்படி சார்' என்று தம்பி மறுத்துவிட்டார்.

நிலக்கோட்டைக்காரர் தன் பதிப்புக்கு எந்த அர்த்தமும் இல்லாத, காதுக்கு மட்டும் நன்றாக இருக்கும் ஒரு பெயரைப் புனைந்தார். அவருடைய விண்ணப்பத்துக்கு ஆட்சேபம் எதுவும் வரவில்லை. டிரேட்மார்க் இதழில் வெளியாகி, யாரும் எதிர்ப்பதற்கான நான்கு மாதக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. எதிர்க்கலாமா என்று அண்ணன் ஒருமுறை கேட்டார். எதிர்க்க நமக்கு ஒரு காரணமும் இல்லை என்றேன்.